நோய் தீர்ப்போரின் மனநலமும் ஊராரின் கடமையும்

கொள்ளை நோய் ஒன்று நாட்டில் பரவும்பொழுது நம் கவனம் முழுவதும் நோயுற்றோர்மீதே செல்கிறது. அது இயல்பேயாகும். காய்ச்சல் தணிந்ததா, மூச்சு சீராக வருகிறதா, வீடு திரும்ப இன்னும் எத்தனை நாளாகும் என்று கேட்கிறோம். ஆனால் அந்நோயாளியின் கட்டிலருகே இரவு பகலாக நிற்கும் செவிலியர் கடைசியாக எப்பொழுது அயர்ந்து உறங்கினார் என்று கேட்போர் அரியர். மருத்துவரும் செவிலியரும் கிராம சுகாதார ஊழியரும் நம்மைப் போன்றே உடலும் மனமும் உடையவர்கள். உடலுக்கு நோய் வருவது போலவே மனத்திற்கும் தளர்ச்சி வரும். அத்தளர்ச்சி ஏன் வருகிறது, அதனால் ஊருக்கு விளையும் தீங்கு யாது, அதைத் தடுக்க ஊராட்சி மன்றமும் பொதுமக்களும் செய்யத்தக்கது யாது என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

"இது ஆஸ்பத்திரி நிர்வாகம் கவனிக்க வேண்டிய விஷயம், ஊராட்சிக்கு இதில் என்ன வேலை?" என்று சிலர் வினவக்கூடும். அவர்களுக்கு ஒரு கணக்கைக் கூறுவோம். சமவெளிப் பகுதிகளில் 5,000 மக்களுக்கு ஒரு துணை சுகாதார நிலையமும், 30,000 மக்களுக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையமும் இருத்தல் வேண்டுமென்பது அரசாங்கம் வகுத்துள்ள அளவு. மலைப் பகுதிகளில் இவ்வளவு முறையே 3,000, 20,000 ஆகும். துணை சுகாதார நிலையத்தின் பொறுப்பில் பெரும்பகுதி கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவரின் தோள்மீதே தங்கியிருக்கிறது. கருவுற்ற தாய்மார்களைப் பதிவு செய்வது, அவர்களுக்குப் பிக்மி எண் பெற்றுத் தருவது, மகப்பேறு நிதியுதவிக்கு மனு எழுத உதவுவது, புதன்கிழமைதோறும் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவது, பிறந்த குழந்தையின் எடையைப் பார்க்க வீடு தேடிச் செல்வது ஆகிய யாவும் அவர் பணிகளே. கொள்ளை நோய் வந்ததென்று இவற்றில் எதுவும் நின்றுவிடுவதில்லை. குழந்தைகள் பிறந்துகொண்டுதான் இருக்கும். ஒரே கிணற்றை நம்பிப் பயிர் வைத்திருக்கும் விவசாயி அக்கிணற்றின் ஊற்று தூர்ந்துவிடாமல் காப்பது போல, இந்த ஒருவரின் மனத்தெம்பு வற்றாமல் காப்பது ஊரின் சொந்த நலனைச் சேர்ந்த காரியமாகும்.

பெருந்தொற்று வந்த வகை

கொரோனா நோய் இந்தியாவில் முதன்முதலாக 2020 ஜனவரி 30-ஆம் நாள் கேரள மாநிலத்தில் கண்டறியப்பட்டது. அதே நாளில் உலக சுகாதார நிறுவனம் உலகளாவிய பொதுச் சுகாதார அவசர நிலையை அறிவித்தது. மார்ச் 11-இல் அந்நிறுவனம் இதனைப் பெருந்தொற்று என்று குறித்தது. மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. பேருந்துகள் நின்றன, கடைகள் அடைக்கப்பட்டன, நாம் அனைவரும் வீட்டுக்குள் அடங்கினோம். சுகாதார ஊழியர்களோ அன்றுதான் வீட்டைவிட்டு வெளியே புறப்பட்டார்கள்.

மறு ஆண்டு வந்த இரண்டாவது அலை இன்னும் கொடியது. 2021 மே மாதத்தில் நாடெங்கும் ஒரே நாளில் 4 லட்சத்திற்கும் மேற்பட்டோருக்கும், நம் மாநிலத்தில் ஒரே நாளில் 36,000-க்கும் மேற்பட்டோருக்கும் புதிதாகத் தொற்று கண்டறியப்பட்ட நாட்கள் உண்டு. படுக்கைக்கும் பிராண வாயுவுக்கும் தட்டுப்பாடு ஏற்பட்டது. அந்த அலை தணிந்த பின்னரும் ஓய்வு கிட்டவில்லை. 2021 செப்டம்பர் 12-ஆம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமையில், நம் மாநிலத்தில் மாபெரும் தடுப்பூசி முகாம்கள் தொடங்கின. ஊருக்கு அவை பெரும் நன்மை செய்தன. ஊழியர்களுக்கோ வார விடுமுறை நாட்களும் வேலை நாட்களாயின. 2023 மே 5-ஆம் நாள்தான் உலக சுகாதார நிறுவனம் அவசர நிலை முடிவுற்றதென அறிவித்தது.

இக்காலத்தில் அவர்கள் செலுத்திய விலை சிறிதன்று. 2020 ஜனவரி முதல் 2021 மே வரை உலகெங்கும் இந்நோயால் உயிர் நீத்த சுகாதார ஊழியர்களின் தொகை 80,000-க்கும் 1,80,000-க்கும் இடைப்பட்டதாக இருக்கலாமென்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. உயிர் நீத்தோரை எண்ணிவிடலாம். உயிரோடிருந்தும் உள்ளம் தளர்ந்தோரை எண்ணுவது அவ்வளவு எளிதன்று.

பணிச்சோர்வு என்பது யாது?

உழைப்பினால் வரும் களைப்பு வேறு, பணிச்சோர்வு வேறு. அறுவடைக் காலத்தில் நாள் முழுதும் வயலில் நின்றவர் இரவு நன்றாக உறங்கினால் மறுநாள் தெளிவாக எழுந்துவிடுகிறார். இது களைப்பு. நீண்ட காலம் தீராத அழுத்தம் இருந்து, அதனைத் தணிக்க வழியும் இல்லாதபொழுது, உறக்கத்தாலும் நீங்காத ஒரு நிலை உண்டாகிறது. இதுவே பணிச்சோர்வு. உலக சுகாதார நிறுவனம் தனது நோய் வகைப்பாட்டு நூலின் 11-ஆம் பதிப்பில் இதற்கு இடமளித்து, மூன்று இலக்கணங்களைக் கூறுகிறது. முதலாவது, ஆற்றல் முழுவதும் வடிந்துபோன உணர்வு. இரண்டாவது, தன் வேலையிலிருந்து மனம் விலகி, அதில் கசப்புத் தோன்றுதல். மூன்றாவது, முன்பு திறம்படச் செய்த பணியில் திறமை குன்றிவிட்டதென்னும் எண்ணம். இதனை அந்நிறுவனம் ஒரு நோயென்று குறிக்கவில்லை. தொழிலோடு தொடர்புற்ற ஒரு நிலையென்றே குறிக்கிறது என்பதை நாம் கவனித்தல் வேண்டும். அதாவது, மருந்து கொடுத்து ஊழியரை மட்டும் மாற்றினால் போதாது. வேலையின் நிலைமையை மாற்ற வேண்டும்.

இதனைக் கவனியாது விட்டுவிட்டால் மனப்பதற்றம், மனத்தளர்ச்சி, தூக்கமின்மை போன்ற நோய்களும் உடன்வரக்கூடும். அவற்றுக்கு மருத்துவ சிகிச்சை தேவைப்படும். மனநோய் என்பது பேய் பிடித்ததன்று, பலவீனத்தின் அடையாளமுமன்று. எலும்பு முறிந்தால் கட்டுப் போடுவது போல, இதற்கும் உரிய சிகிச்சை உண்டு.

அழுத்தம் விளையும் காரணங்கள்

பெருந்தொற்றுக் காலத்தில் சுகாதார ஊழியரின் மனத்தை அழுத்திய காரணங்களைப் பிரித்துப் பார்ப்போம்.

முதற் காரணம் உடல் வருத்தம். நோய் தொற்றாதிருக்க அவர்கள் அணிந்த கவச உடை காற்றுப் புகாதது. நம் நாட்டுச் சித்திரை வைகாசி வெயிலில் அதை அணிந்துகொண்டு மணிக்கணக்கில் பணி செய்தார்கள். இடையில் ஒரு வாய் நீர் அருந்தவோ, கழிப்பறைக்குச் செல்லவோ இயலாது. உடையைக் கழற்றினால் புதிய உடை வேண்டும். ஆகவே பலர் பணிக்குச் செல்லுமுன்பே தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொண்டார்கள்.

இரண்டாவது காரணம் அச்சம். தமக்கு நோய் வருமென்னும் அச்சத்தைவிட, தம்மால் வீட்டிலுள்ள குழந்தைக்கும் முதியோருக்கும் நோய் வந்துவிடுமோ என்னும் அச்சமே பெரிதாக இருந்தது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தையைப் பாட்டி வீட்டில் விட்டு, வாரக்கணக்கில் விடுதியில் தங்கிப் பணி செய்த செவிலியர்களை நாம் கண்டிருக்கிறோம்.

மூன்றாவது காரணம் மனச்சாட்சியின் உறுத்தல். காலியாக இருப்பது ஒரு படுக்கை; காத்திருப்போர் பலர். யாருக்கு அதை அளிப்பது என்று முடிவு செய்ய நேர்ந்தவர்கள், தம்மீது குற்றமில்லை என்பதை அறிந்திருந்தும், அந்த முகங்களை மறக்கவியலாது தவித்தார்கள். உறவினர் எவரும் அருகில் நிற்க இயலாத நிலையில், சாகுந் தறுவாயிலிருப்பவரின் கையைப் பற்றியிருந்த செவிலியரே அவருக்குக் கடைசி உறவாக இருந்தார்.

நான்காவது காரணம் ஊராரின் நடத்தை. இது ஆஸ்பத்திரிச் சுவர்களுக்கு வெளியே உள்ளது. நம் கையில் உள்ளது. ஆகவே இதனை விரிவாகக் கூறுதல் அவசியமாகிறது.

கைதட்டலும் கதவடைப்பும்

2020 மார்ச் 22-ஆம் நாள் மாலை 5 மணிக்கு நாடெங்கும் மக்கள் வாயிலில் நின்று சுகாதார ஊழியர்களுக்காகக் கைதட்டினார்கள். அது நல்ல எண்ணத்தால் செய்யப்பட்டதே. ஆனால் கைதட்டிய பின் சில வாரங்களிலேயே வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்னவர்களும், தெருக் குழாயில் நீர் பிடிக்கக் கூடாதென்று தடுத்தவர்களும் நாட்டின் பல பாகங்களில் இருந்தார்கள். 2020 ஏப்ரலில் சென்னையில், இந்நோயால் மறைந்த ஒரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்யச் சென்றவர்கள் தாக்கப்பட்டார்கள். பலருக்குச் சிகிச்சையளித்த ஒருவருக்கு ஆறடி நிலம் மறுக்கப்பட்ட அச்செய்தி, மாநிலத்திலுள்ள சுகாதார ஊழியர் ஒவ்வொருவரின் நெஞ்சிலும் ஒரு கேள்வியை எழுப்பிற்று: "நாளை எனக்கும் இதே கதிதானா?"

இத்தகைய செயல்களைச் சட்டம் பொறுத்துக்கொள்வதில்லை. 1897-ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டம் 2020-இல் திருத்தப்பட்டது. அத்திருத்தத்தின்படி கொள்ளை நோய்க் காலத்தில் சுகாதார ஊழியரைத் தாக்குவோருக்கு 3 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். கொடுங்காயம் விளைவித்தால் 6 மாதம் முதல் 7 ஆண்டு வரை சிறையும், 1 லட்சம் முதல் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. இக்குற்றம் பிணையில் விடத்தக்கதன்று. வீட்டைக் காலி செய்யச் சொல்லித் தொந்தரவு செய்வது போன்ற துன்புறுத்தலும் இச்சட்டத்தின் வன்முறை என்னும் சொல்லில் அடங்கும். தொற்றுநோயால் இறந்தோரின் அடக்கத்தைத் தடுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கி நம் மாநில அரசாங்கமும் 2020 ஏப்ரலில் அவசரச் சட்டம் பிறப்பித்தது. மருத்துவப் பணியாளர்களைப் பாதுகாக்க 2008 முதலே மாநிலத்தில் தனிச் சட்டமொன்றும் இருந்து வருகிறது. இவற்றை ஊரார் அறிந்திருத்தல் நன்று. எனினும், சட்டத்திற்கு அஞ்சிச் செய்யும் மரியாதையினும் உணர்ந்து செய்யும் மரியாதையே ஊழியரின் மனப்புண்ணை ஆற்றும்.

இரண்டு ஊர்களின் அனுபவம்

நமது வட்டாரத்தில் அருகருகே உள்ள இரண்டு ஊர்களில் கண்டதை இங்கே குறிப்பிடுவது பயனுடையதாகும். முதல் ஊரில் வெளியூரிலிருந்து திரும்பியோரைக் கணக்கெடுக்கக் கிராம சுகாதாரச் செவிலியர் தனியாக வீடு வீடாகச் சென்றார். "எங்கள் வீட்டு வாசலில் ஏன் நோட்டீஸ் ஒட்டுகிறாய்?" என்று ஒரு வீட்டில் சண்டை, "உன்னால்தான் ஊருக்கே நோய் வரப் போகிறது" என்று மற்றொரு வீட்டில் ஏச்சு. நாற்பது வீடுகளைப் பார்க்க இரண்டு நாளாயிற்று. மூன்றாம் நாள் அவர் நம்மிடம் கூறியது இதுதான்: "ஐயா, நோய்க்கு நான் பயப்படவில்லை. காலையில் அந்தத் தெருவுக்குள் நுழையத்தான் கால் வரமாட்டேனென்கிறது."

பக்கத்து ஊரில் அதே செவிலியர் அதே வேலையைச் செய்தார். அங்கே ஒவ்வொரு வார்டு உறுப்பினரும் தம் வார்டில் வெளியூரிலிருந்து வந்தோரின் பட்டியலை முன்னதாகவே எழுதி வைத்திருந்தார். செவிலியர் வந்தவுடன் அவரும் உடன் நடந்தார். வாசலில் நின்று, "அம்மா வந்திருக்கிறார்கள், விவரம் சொல்லுங்கள்" என்று அவரே கூறினார். சச்சரவு எழவில்லை. பணி அரை நாளில் முடிந்தது. நோயும் ஒன்றே, ஊழியரும் ஒருவரே, சம்பளமும் ஒன்றே. மாறியது ஊரின் துணை மட்டுமே. ஊராட்சி மன்றம் ஒரு ரூபாயும் செலவழிக்கவில்லை என்பதைக் கவனிக்க.

ஆராய்ச்சிகள் காட்டும் உண்மை

நம் அனுபவத்தை உலக ஆராய்ச்சிகளும் உறுதி செய்கின்றன. 2020-இன் தொடக்கத்தில் சீன நாட்டில் 34 மருத்துவமனைகளைச் சேர்ந்த 1,257 ஊழியர்களை விசாரித்தபோது, அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் மனத்தளர்ச்சியின் அறிகுறிகளும், 100-க்கு 45 பேரிடம் மனப்பதற்றத்தின் அறிகுறிகளும், 100-க்கு 34 பேரிடம் தூக்கமின்மையும் காணப்பட்டன. பெண்களும் செவிலியர்களும் நோயாளிகளின் அருகில் நேரே நின்றவர்களுமே அதிகம் துன்புற்றார்கள்.

இதற்கு முன்னர் 2003-இல் கனடா நாட்டின் டொராண்டோ நகரில் சார்ஸ் என்னும் நோய் பரவிற்று. அந்நோய் ஓய்ந்து ஓராண்டுக்கும் இரண்டாண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் 769 ஊழியர்களை ஆராய்ந்தார்கள். நோய் பரவிய டொராண்டோவில் பணி புரிந்தோரிடம், நோய் பரவாத அண்டை நகராகிய ஹாமில்டனில் பணி புரிந்தோரைவிடப் பணிச்சோர்வு மிகுதியாகவே இருந்தது. இதிலிருந்து இரண்டு பாடங்கள் பெறுகிறோம். நோய் ஓய்ந்தவுடன் ஊழியரின் மனவருத்தமும் ஓய்ந்துவிடுவதில்லை என்பது முதற் பாடம். பயிற்சியும், பாதுகாப்பும், தமக்குப் பிறர் துணையிருக்கிறார்கள் என்னும் நம்பிக்கையும் போதிய அளவு பெற்றவர்கள் குறைவாகவே துன்புற்றார்கள் என்பது இரண்டாவது பாடம்.

அறிகுறிகள்

ஊழியர் தாமாக வந்து "எனக்கு மனம் சரியில்லை" என்று கூறுவது அரிது. பிறருக்குத் தைரியம் சொல்லும் தொழிலில் இருப்பவர் தம் தளர்ச்சியை வெளியிட நாணுகிறார். எனவே அவருடன் பழகுவோர் கவனித்தறிதல் வேண்டும். படுத்தும் உறக்கம் வராமை, அல்லது எந்நேரமும் அயர்ச்சி, காரணமின்றி எரிச்சலும் கண்ணீரும், உணவில் விருப்பமின்மை, அடிக்கடி தலைவலி, வயிற்றுக் கோளாறு, பழக்கமான கணக்கிலும் மருந்தளவிலும் தடுமாற்றம், யாருடனும் பேசாது ஒதுங்குதல், மதுப் பழக்கம் புதிதாகத் தோன்றுதல் அல்லது மிகுதியாதல், "இருந்து என்ன பயன்" என்பது போன்ற பேச்சு ஆகியவை முக்கியமான அறிகுறிகள். கடைசியாகக் கூறியது காணப்பட்டால் அரைக்கணமும் தாமதியாது அவரைத் தனியே விடாமல் மருத்துவ உதவிக்கு அழைத்துச் செல்லுதல் வேண்டும்.

ஊராட்சி மன்றம் செய்யத்தக்கவை

1. துணைக்கு நிற்றல்: கணக்கெடுப்பு, தனிமைப்படுத்துதல், தடுப்பூசி ஆகிய பணிகளுக்கு ஊழியர் வரும்பொழுது வார்டு உறுப்பினர் ஒருவர் உடன் செல்ல வேண்டும். சண்டைக்கு முகம் கொடுப்பது மக்கள் பிரதிநிதியின் வேலையாக இருக்கட்டும். ஊசி போடுவது செவிலியரின் வேலையாக இருக்கட்டும்.

2. வசதி செய்தல்: முகாம் நடக்கும் பள்ளியிலோ சமுதாயக் கூடத்திலோ நிழலும், குடிநீரும், பெண்களுக்குத் தாழிட்ட கழிப்பறையும் இருக்கின்றனவா என்று முதல் நாளே பார்க்க வேண்டும். பேருந்து இல்லாத நாட்களில் ஊழியரை அழைத்து வரவும் கொண்டுபோய் விடவும் வண்டி ஏற்பாடு செய்ய வேண்டும்.

3. வதந்தியை அடக்குதல்: ஊழியரால் நோய் பரவுகிறதென்னும் வதந்தி எழுந்த அன்றே ஒலிபெருக்கி மூலமும் கிராம சபை மூலமும் மறுத்துரைக்க வேண்டும். வீட்டு வாடகைத் தகராறு எழுந்தால் தலைவரே நேரில் சென்று பேசித் தீர்க்க வேண்டும்.

4. ஓய்வை மதித்தல்: ஊழியரின் கைப்பேசி எண் ஊரில் எல்லோரிடமும் இருக்கிறது. அவசரமில்லாத விஷயத்திற்கு இரவு 10 மணிக்கு மேல் அழைக்கலாகாது. அமாவாசையன்று ஏர் பூட்டாமல் மாட்டுக்கு ஓய்வு கொடுக்கும் வழக்கம் நம் ஊர்களில் தொன்றுதொட்டு இருந்து வருகிறது. வாயில்லாப் பிராணிக்குக் காட்டும் அந்த நியாயத்தை மனிதருக்கும் காட்டுவோமாக.

5. தூய்மைப் பணியாளரை மறவாமை: நோயுற்ற வீட்டின் குப்பையை அள்ளிய தூய்மைக் காவலரும், ஆம்புலன்ஸ் ஓட்டுநரும், அடக்கம் செய்தோரும் இதே அழுத்தத்தைத் தாங்கினார்கள். கையுறை, முகக்கவசம், சோப்பு ஆகியவை அவர்களுக்குத் தடையின்றிக் கிடைப்பதை மன்றம் உறுதி செய்தல் வேண்டும்.

தளர்ந்தவருக்கு உதவும் முறை

துன்புற்றவருக்கு முதலுதவி செய்ய உலக சுகாதார நிறுவனம் ஓர் எளிய முறையை வகுத்திருக்கிறது. பார், கேள், இணை என்று அதைச் சுருக்கிக் கூறலாம். அவரது நிலையையும் உடனடித் தேவையையும் பார்க்க வேண்டும். பின்னர், அறிவுரை கூறாமலும் குறுக்கிடாமலும் அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். அவர் பேச விரும்பாவிடில் வற்புறுத்தலாகாது. பிறகு, உதவி செய்யக்கூடிய குடும்பத்தாருடனோ மருத்துவருடனோ அவரை இணைக்க வேண்டும். "இதெல்லாம் ஒரு கஷ்டமா?" என்னும் சொல்லை மட்டும் யாரும் சொல்லாதிருப்பாராக.

மனநல ஆலோசனை பெற 2022 அக்டோபர் 10 முதல் 'டெலி மானஸ்' என்னும் தொலைபேசிச் சேவை இயங்கி வருகிறது. 14416 என்னும் எண்ணுக்கு எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். இச்சேவை ஊழியருக்கும் விவசாயிக்கும் மாணவருக்கும் பொதுவானது. மனநல சிகிச்சை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. இவ்வெண்ணை ஊராட்சி அலுவலகத்திலும் ரேஷன் கடையிலும் துணை சுகாதார நிலையத்திலும் எழுதி வைத்தல் நன்று.

முடிவாக

கொள்ளை நோய்கள் மீண்டும் வாரா என்று உறுதி கூற எவராலும் இயலாது. கோடையிலேயே வரப்பைக் கட்டுபவனே மழையில் நீரைத் தேக்குகிறான். நோயில்லாத இந்நாட்களிலேயே நாம் ஆயத்தம் செய்துகொள்ள வேண்டும். அடுத்துக் கூடும் கிராம சபையில் உங்கள் ஊர்க் கிராம சுகாதாரச் செவிலியரை அழைத்து, "உங்கள் பணிக்கு எங்கள் ஊரில் என்ன இடையூறு இருக்கிறது?" என்று ஒரு கேள்வியைக் கேளுங்கள். அவர் கூறுவதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஓர் உறுப்பினரைப் பொறுப்பாக்குங்கள். நம் உயிரைக் காப்போரின் உள்ளத்தைக் காக்கும் பணி அன்றே உங்கள் ஊரில் தொடங்கிவிடும்.